கண்ணுக்குக் கீழே கன்சீலர் கோடு விழுகிறதா? பனியன் பிரிண்டிங் சொல்லித்தரும் 4 விதிகள்!

சனிக்கிழமை. திருப்பூரில் சம்பள நாள். காலை எட்டரை மணிக்கு பனியன் கம்பெனிக்குள் போன பெண், ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். மறுநாள் சொந்தத்தில் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம் என்பதால் நாலு மணிக்கே எழுந்து, தலைக்குக் குளித்து, சேலை கட்டி, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை மறைக்க கன்சீலர் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். வீட்டுக் கண்ணாடியில் முகம் பளிச்சென்றுதான் இருக்கிறது.

மண்டபத்துக்குள் நுழைந்து, நாலு பேரைப் பார்த்துச் சிரித்ததும் கதை மாறுகிறது. கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடுகள். கோடுகளுக்குள் கன்சீலர் தேங்கி நிற்கிறது. பக்கத்தில் வந்து உட்காரும் பெரியம்மா கேட்கிறார்: "ஏங்கண்ணு, ராத்திரி தூங்குலையா?"

மறைக்கப் போட்டதே காட்டிக்கொடுத்துவிட்டது!

திருப்பூர் என்றில்லை, கன்சீலர் வாங்கிய எல்லா வீட்டிலும் இந்தப் புலம்பல் உண்டு. "எனக்கு வயசாயிடுச்சு போல" என்று கவலைப்படுபவர்களும் உண்டு. அந்தக் கவலையே வேண்டாம். இருபது வயதுப் பெண்ணுக்கும் இந்தக் கோடு விழும். காரணம் பெரும்பாலும் முகத்தில் இல்லை, போடும் அளவிலும் போடும் விதத்திலும்தான் இருக்கிறது.

ஏன் அங்கே மட்டும் கோடு விழுகிறது?

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. அந்தத் தோலுக்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. கண் சிமிட்டும்போதும், சிரிக்கும்போதும், வெயிலில் கண்ணைச் சுருக்கும்போதும் அது சுருங்கி விரிகிறது.

நாம் ஒரு நிமிடத்துக்கு சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு 900 முறை. நாலு மணி நேரம் கல்யாண வீட்டில் இருந்தால் 3,600 முறை. அத்தனை முறையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் தோல் மடிந்து நிமிர்கிறது. அதன் மேல் பூசிய கன்சீலரும் கூடவே மடிந்தாக வேண்டும்.

கன்சீலரில் நிறம் தரும் பொடிகளோடு மெழுகு, எண்ணெய், சிலிக்கான் போன்றவை கலந்திருக்கும். உடம்புச் சூட்டிலும் வியர்வையிலும் இது இளகி, தோல் மடியும் இடத்தில் போய்ச் சேர்கிறது. இது ஒரு வகைக் கோடு. தோல் வறண்டிருந்தாலோ, மேலே பவுடர் அதிகமாகிவிட்டாலோ, வறண்ட குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கிறது. இது இன்னொரு வகை. உங்களுக்கு விழுவது எந்த வகை என்று முதலில் பாருங்கள். தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் முதல் வகை. பொடி பொடியாக உதிர்ந்தால் இரண்டாவது வகை.

டி-ஷர்ட் பிரிண்ட் ஏன் வெடிக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள அழகு நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூரில் ஏதாவது ஒரு பிரிண்டிங் பட்டறையில் கேட்டாலே போதும்.

பனியன் துணி பின்னப்பட்ட துணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதன் மேல் ஸ்கிரீன் பிரிண்ட் போடும்போது சாயம் கனமாக ஏறிவிட்டால், துணியை இழுத்ததும் படம் வெடித்துவிடும். போட்ட சாயம் சூட்டில் சரியாகப் பதமாகாவிட்டாலும் அதே கதிதான். அதனால்தான் பீஸை கையில் எடுத்து, பிரிண்ட் இருக்கும் இடத்தை இழுத்துப் பார்க்கிறார்கள். துணி நெளியும்போது கூடவே நெளிகிற அளவுக்குப் பிரிண்ட் மெல்லியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கண்ணுக்குக் கீழே இருக்கும் தோலும் இழுபடுகிற துணி மாதிரிதான். நல்ல பிரிண்டுக்குப் பார்க்கிற நாலு விஷயங்களையும் அப்படியே முகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விதி 1: துணி சுத்தமாக இருக்கணும்

ஈரமோ, எண்ணெயோ, தூசியோ இருக்கும் துணியில் பிரிண்ட் பிடிக்காது. முகமும் அப்படித்தான். வேலை முடிந்து வந்த முகத்தில் பஞ்சுத் தூசியும் வியர்வையும் இருக்கும். மைல்டான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

அடுத்து, எண்ணெய்ப் பசை குறைவான மாய்ஸ்சரைஸர் ஒரு மிளகு அளவு எடுத்து, இரண்டு கண்ணுக்கும் கீழே தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் தடவியதும் அதன் மேலேயே கன்சீலர் போட்டால் வழுக்கத்தான் செய்யும். எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வெளியே போவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் அவசியம். வெயில் கருவளையத்தை இன்னும் கருமையாக்கும். ஆனால், மாய்ஸ்சரைஸரோ சன்ஸ்கிரீனோ, போட்ட உடனே கன்சீலருக்குப் போகாதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். சேலை கட்டவும் பூ வைக்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும். திரும்பி வந்ததும் ஒரு டிஷ்யூவை வைத்து லேசாக ஒற்றி, மிச்சமிருக்கும் பசையை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விதி 2: கோட் மெல்லியதாக இருக்கணும்

எல்லோரும் தவறுவது இங்கேதான். வீடியோக்களில் கண்ணுக்குக் கீழே பெரிய முக்கோணம் வரைந்து, கன்னம் வரை இழுத்துப் பூசுகிறார்கள். அதற்கு மேல் பவுடரைக் குவித்து வைக்கிறார்கள். இந்த 'பேக்கிங்' முறை மேடையில் ஆடுபவர்களிடமிருந்து வந்தது. அங்கே பார்ப்பவர் தூரத்தில் இருப்பார். வீடியோவில் விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் அடித்து, சின்னக் கோடுகளை மறைத்துவிடும். மண்டபத்திலோ பெரியம்மா அரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி மணி அளவு போதும். மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு புள்ளி, கருமை அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, வெளி மூலையில் ஒரு சின்னப் புள்ளி. இமை முடிக்கு ஒட்டியே போடாதீர்கள். அங்கேதான் தோல் அதிகமாக மடியும். சற்றுக் கீழே தள்ளிப் போட்டு, பரப்பும்போது மிச்சம் மட்டும் மேலே போகட்டும். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். அந்த விரலில் அழுத்தம் குறைவு. ஈரப்படுத்திப் பிழிந்த ஸ்பான்ஜும் நல்லது. அது கூடுதலாக இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும்.

"இவ்வளவு கம்மியாகப் போட்டால் மறையவே இல்லையே" என்றால், சிக்கல் அளவில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. நம் மாநிறத் தோலில் கருவளையம் நீலமும் பழுப்பும் கலந்து இருக்கும். அதன் மேல் முகத்தைவிட மிக வெளுப்பான கன்சீலரைப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதை மறைக்க இன்னொரு கோட், அதற்கு மேல் இன்னொரு கோட் என்று ஏற்றிக்கொண்டே போவோம். கோடு விழ அதுவே காரணமாகிவிடும்.

இதற்கு வழி, ஆரஞ்சு அல்லது பீச் நிறத்தில் வரும் கலர் கரெக்டர். கருமை உள்ள இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குத் தட்டி, அதன் மேல் முகத்தின் நிறத்துக்கு நெருக்கமான கன்சீலரை மெல்லியதாகப் போடுங்கள். கடையில் நிறம் பார்க்கும்போது, டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயத் துணியின் நிறத்தை ஒப்பிடும் யாரும் இதைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடி முன் நின்று முகத்தை லேசாக மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராகப் பட்டதும் கருமை குறைந்தால், அது நிறமல்ல, கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழல். நிழலை எவ்வளவு கன்சீலராலும் மூட முடியாது. அங்கே அதிகம் பூசினால் கோடுதான் மிச்சம்.

விதி 3: ஒவ்வொரு கோட்டும் காயணும்

பிரிண்டிங்கில் ஒரு கலர் காயாமல் அடுத்த கலர் ஏறினால் இரண்டும் கெடும். கன்சீலர் போட்டதும் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று முறை சிரியுங்கள், கண்ணை இறுக்கி மூடித் திறங்கள். எங்கே கோடு விழப்போகிறது என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது கண்ணாடியைச் சற்று மேலே பிடித்து, அதை அண்ணாந்து பாருங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள தோல் நிமிரும். கோட்டில் தேங்கியதை ஸ்பான்ஜால் அல்லது விரல் நுனியால் தட்டி எடுத்துவிடுங்கள். கண்ணைத் தாழ்த்துவதற்கு முன்னாலேயே, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பவுடரை ஒற்றுங்கள். பிரஷ்ஷில் எடுத்த பவுடரை முதலில் கையின் பின்புறம் தட்டி உதறிவிட்டு, மிச்சத்தை மட்டும் போட்டால் போதும். இழுத்துப் பூசினால் கீழே இருப்பது நகர்ந்துவிடும். ஒற்றத்தான் வேண்டும்.

வழக்கமான டால்கம் பவுடரைக் கொட்ட வேண்டாம். வெள்ளை பூக்கும், கண்ணிலும் படும். நிறமில்லாத, நைசான ஃபேஸ் பவுடர் தனியாகக் கிடைக்கிறது. அதிலும் சிலவற்றை அதிகம் போட்டால் ஃபிளாஷ் போட்டோவில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு விழும். கல்யாணத்துக்கு முந்தின நாளே செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

விதி 4: இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பணும்

பீஸைச் செக் செய்யாமல் பெட்டியில் போடுவதில்லை அல்லவா? வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஜன்னல் ஓரம் வந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சிரித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் புதிதாகப் பூசாதீர்கள். இருப்பதைத் தட்டிக் குறையுங்கள். குறைத்தால் சரியாகும். கூட்டினால் கெடும்.

ஆடிக் காற்றுக்கு ஒன்று, சித்திரை வெயிலுக்கு ஒன்று

திருப்பூர், பல்லடம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பிய்த்து உதறும். அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றில் தோல் வறளும். அப்போது மாய்ஸ்சரைஸரைக் கொஞ்சம் கூட்டி, பவுடரைக் குறைக்க வேண்டும். வறண்ட தோல் உள்ளவர்கள் பவுடரே இல்லாமல் விட்டுவிடலாம்.

சித்திரை, வைகாசியில் தலைகீழ். வியர்வையில் எல்லாம் இளகும். அப்போது க்ரீம் வகைக் கன்சீலரைவிட, நீர்த்திருக்கும் லிக்விட் வகை நல்லது. மாய்ஸ்சரைஸரை ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தை அடிக்கடி துடைக்காமல், வியர்வையை மட்டும் ஒற்றி எடுங்கள்.

மண்டபத்தில் கோடு விழுந்துவிட்டால்?

கைப்பையில் கன்சீலர் வேண்டாம். ஒரு டிஷ்யூ அல்லது துவைத்து வைத்த மெல்லிய பருத்தித் துணி போதும். கம்பெனி கட் பீஸ் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால், துவைக்காத சாயத் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பிசுபிசுப்பை ஒற்றி எடுங்கள். பிறகு, கையைக் கழுவிவிட்டு மோதிர விரலால் கோட்டின் மேல் நாலைந்து முறை தட்டுங்கள். விரல் சூட்டில் இளகி, தேங்கியது பரவிவிடும். பாளமாக வெடித்திருந்தால், விரல் நுனியில் மாய்ஸ்சரைஸரைத் தொட்டும் தொடாமலும் எடுத்துத் தட்டுங்கள். அதற்கு மேல் பவுடர் போடாதீர்கள்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

ஹாஸ்டலில் நாலு பேர் ஒரு கன்சீலரைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். கண்ணில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அது நாலு பேருக்கும் பரவும். சின்ன டியூபாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த டப்பா படத்துக்குள் '12' என்று எண் இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம்தான் அதன் ஆயுள். புதிதாக வாங்கியதை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

எவ்வளவு அசதியாக இருந்தாலும் மேக்கப்பைக் கலைக்காமல் படுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. கருவளையம் போக என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிக் கண்ணைச் சுற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் வெளுத்த மாதிரிதான் தெரியும். தொடர்ந்து போட்டால் ஏற்கெனவே மெல்லியதான தோல் இன்னும் மெலியும். கண்ணின் அழுத்தம் கூடி, பார்வைக்கே ஆபத்து வரலாம். தோல் மருத்துவர் எழுதிக் கொடுக்காத எந்த க்ரீமும் கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கன்சீலர் மறைக்கக் கூடாத ஒன்று

கருவளையம் எல்லோருக்கும் நோயால் வருவதில்லை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும். தூசி அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் கருக்கும். பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் மாஸ்க் போடுவதும், கண் அரித்தால் கசக்காமல் குளிர்ந்த நீரில் கழுவுவதும் இதற்காகத்தான்.

ஆனால், கருவளையத்தோடு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, எப்போதும் அசதி, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்றால், கன்சீலரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை.

இந்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடும் காபியோடும் சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். காலையில் எழும்போது முகமும் கண்ணும் தினமும் வீங்கியிருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தூக்கத்துக்கு மாற்று கிடையாது. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிஃப்ட் செய்துவிட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் படுக்கும் பெண்ணிடம் "எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்று சொல்வது எளிது. அதைச் சொல்ல வேண்டியது அவரிடம் இல்லை, வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம். பாத்திரத்தை வேறொருவர் கழுவினால் அவருக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும். எந்தக் கன்சீலரும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

சட்டென்று சில சந்தேகங்கள்

*கண்ணாடி போடுகிறேன். மூக்குப் பக்கம் எல்லாம் அழிந்துவிடுகிறதே?*
கண்ணாடி உட்காரும் இடத்தில் கன்சீலரே போடாதீர்கள். கண்ணின் உள்மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*ஃபவுண்டேஷன் முதலிலா, கன்சீலர் முதலிலா?*
ஃபவுண்டேஷன் போடுவதாக இருந்தால் அது முதலில். பாதிக் கருமை அதிலேயே மறையும். கன்சீலர் குறைவாகத் தேவைப்படும்.

*தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?*
போடலாம். ஆனால் 12 மணி நேரம் வியர்வையிலும் தூசியிலும் இருக்கும் முகத்துக்கு, உள்மூலையில் ஒரு புள்ளி மட்டும் போதும்.

*ஐம்பது வயதாகிறது. ஏற்கெனவே கோடு இருக்கிறது. என்ன செய்யலாம்?*
இருக்கும் கோட்டின் மேல் போடாமல், கருமை உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். பவுடரைத் தவிருங்கள். அது சிரித்துச் சிரித்து வந்த கோடு. அதை அழிக்க வேண்டியதில்லை, அதற்குள் கன்சீலர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு அரிசி மணி அளவு எடுத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, ஜன்னலோரம் சிரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதையும் மீறிப் பெரியம்மா "தூங்குலையா கண்ணு?" என்று கேட்டால், கண்ணுக்குக் கீழே கையை வைத்து மறைக்காதீர்கள். தூங்கவில்லை என்றே சொல்லுங்கள். கேட்பவர் காதில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் காதிலும் அது விழட்டும்!